இணையம் என்பது யாது?



இந்தப் பேச்சு ஒலிபரப்பு நிலையத்தினின்று புறப்பட்டு, ஒரே கணத்தில் உங்கள் அனைவருடைய செவிகளையும் வந்தடைகின்றது. பேசுபவர் ஒருவர், கேட்போர் பலர். நீங்கள் மறுமொழி கூற விரும்பினால் கடிதம் எழுதித் தபாலிற் சேர்க்கவேண்டும். கடிதமோ ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் செல்வது. பலருக்கு ஒரே நேரத்திற் கூறுதல் வானொலியின் இயல்பு. ஒருவரோடொருவர் கருத்துப் பரிமாறுதல் தபாலின் இயல்பு, தொலைபேசியின் இயல்பு. இவ்விரண்டு இயல்புகளையும் ஒருங்கே கொண்ட ஒரு சாதனம் நம் காலத்திலே தோன்றி, நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. அதுவே இணையம்.

கைத்தொலைபேசியை விரலால் தொட்டதும், கடல்கடந்த நாட்டிலிருக்கும் மகனுடைய முகம் தாய்க்குத் தெரிகின்றது. பரீட்சை முடிவும், மரக்கறியின் விலையும், மழை வருமா என்ற செய்தியும் அவ்வாறே கைக்கு வருகின்றன. இதனைப் பயன்படுத்துவோர் பலர். இஃது எவ்வாறு இயங்குகின்றது என வினவுவோர் சிலர். அவ்வினா பொறியியலாளருக்கு மட்டும் உரியதன்று. இணையம் கட்டப்பட்ட முறையிலேயே, அதனைப் பயன்படுத்தும் ஒவ்வொருவர்மீதும் ஒரு பொறுப்பு வைக்கப்பட்டிருக்கின்றது. அப்பொறுப்பை உணர்வதற்கு, அதன் அமைப்பை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். இன்று அதனையே உங்களோடு பேச எண்ணுகின்றேன்.

இலங்கையிலே 1858 ஆம் ஆண்டில் கொழும்புக்கும் காலிக்குமிடையே தந்தித் தொடர்பு ஏற்பட்டது. அதன்பின் தொலைபேசி வந்தது. பழைய தொலைபேசி முறையில் இருவர் பேசவேண்டுமாயின், இருவருக்குமிடையே ஒரு தனிப்பாதை திறந்து விடப்படும். அவர்கள் பேச்சை முடிக்கும்வரை அப்பாதை அவர்களுக்கே உரியது. இருவரும் வாய்திறவாது இருந்தாலும் வேறொருவர் அதனைப் பயன்படுத்த முடியாது. மேலும், எல்லாக் கம்பிகளும் வந்து கூடும் நடுநிலையம் பழுதுற்றால், அதனைச் சார்ந்த ஊர் முழுவதும் ஊமையாகிவிடும்.

1960 ஆம் ஆண்டுகளிலே இக்குறைகளைப் பற்றி இருவர் தனித்தனியே சிந்தித்தனர். ஒருவர் அமெரிக்காவிலிருந்த போல் பரன். மற்றவர் இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்திலிருந்த டொனால்ட் டேவிஸ். ஒருவர் முயற்சியை மற்றவர் அறியாதிருந்தும், இருவரும் ஒரே முடிவுக்கு வந்தனர். செய்தியை முழுமையாக அனுப்பாது, சிறு சிறு துண்டுகளாக்கி அனுப்பவேண்டும் என்பதே அம்முடிவு. அத்துண்டுக்குப் பொதி என்னும் பொருள்படப் பெயரிட்டவர் டேவிஸ்.

இதனை ஓர் உவமையாற் காண்போம். யாழ்ப்பாணத்திலிருக்கும் ஒருவர், கொழும்பிலிருக்கும் நண்பருக்கு 300 பக்கமுள்ள ஒரு நூலை அனுப்ப விரும்புகிறார் என்று கொள்வோம். அவர் அதனைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் ஒவ்வோர் உறையிலிட்டு, உறையின்மேல் இரு முகவரிகளையும் பக்க இலக்கத்தையும் எழுதித் தபாலிற் சேர்க்கிறார். ஓர் உறை வவுனியா, அநுராதபுரம், புத்தளம் வழியாகப் போகும். மற்றொன்று தம்புள்ளை, குருநாகல் வழியாகப் போகும். ஒரு பாதையில் வெள்ளம் ஏறினால், பின்வரும் உறைகள் திருகோணமலையைச் சுற்றியும் போகும். ஐம்பதாம் பக்கம் முந்தியும் மூன்றாம் பக்கம் பிந்தியும் வந்து சேரலாம். அதனாற் கேடில்லை. கொழும்பு நண்பர் இலக்கத்தைப் பார்த்து அவற்றை அடுக்கிக்கொள்வார். ஒரு பக்கம் வாராதொழிந்தால், கிடைத்தது என்ற மறுமொழியும் யாழ்ப்பாணத்துக்குப் போகாது. அப்பொழுது யாழ்ப்பாணத்தவர் அந்தப் பக்கத்தை மட்டும் படியெடுத்து மறுபடியும் அனுப்புவார்.

இணையத்திலே நிகழ்வதும் இதுவே. பாட்டாயினும் படமாயினும் கடிதமாயினும் எல்லாம் முதலில் எண்களாக மாற்றப்படுகின்றன. பின்னர் பொதிகளாகப் பிரிக்கப்படுகின்றன. பொதுவாக ஒரு பொதி 1500 பைற்றுக்கு மேற்படுவதில்லை. சந்திக்குச் சந்தி திசைவி எனப்படும் ஒரு பொறி நின்று, முகவரியை மட்டும் பார்த்து, அடுத்த பாதையிலே தள்ளிவிடுகின்றது. ஒரே கம்பியில் ஆயிரம் பேருடைய பொதிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். எவருக்கும் தனிப்பாதை இல்லை. ஆதலால் எப்பாதையும் வீணே கிடப்பதுமில்லை.

இம்முறையில் அமைந்த முதற்பெரும் வலையமைப்பு, அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆராய்ச்சி முகவரகம் ஒன்றின் பொருளுதவியுடன் உருவாயிற்று. 1969 ஒக்டோபர் 29 ஆம் நாள் இரவு, லொஸ் ஏஞ்சலிஸ் நகரப் பல்கலைக்கழகத்திலிருந்த ஒரு கணினி, ஸ்ரான்போட் ஆராய்ச்சி நிலையத்திலிருந்த மற்றொரு கணினியை முதன்முதலாக அழைத்தது. உட்புகுதலைக் குறிக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லொன்றை அனுப்புவதே நோக்கம். எல், ஓ என்னும் இரண்டு எழுத்துகள் சென்றதும் மறுமுனைக் கணினி செயலிழந்து நின்றுவிட்டது. ஏறக்குறைய ஒரு மணிநேரத்தின் பின்னரே முழுச்சொல்லும் சென்றது. அவ்வாண்டு முடிவதற்குள் நான்கு கணினிகள் அவ்வாறு இணைக்கப்பட்டன. இன்று உலகை வளைத்து நிற்கும் வலையின் தொடக்கம் அந்த இரண்டு எழுத்துகளே.

பின்னர் வேறு வேறு வலையமைப்புகள் தோன்றின. ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி முறை வைத்திருந்தது. ஒன்றின் செய்தி மற்றொன்றுக்கு விளங்கவில்லை. வின்ரன் சேர்வ், றொபேட் கான் என்னும் இருவர், எல்லா வலையமைப்புகளுக்கும் பொதுவான ஒரு நெறிமுறையை வகுத்து 1974 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1983 சனவரி முதலாந் திகதி, அமெரிக்காவில் அமைந்த அந்த முதல் வலையமைப்பு முழுவதும் இந்நெறிமுறைக்கு மாறியது. வலையமைப்புகள் பலவற்றை ஒன்றோடொன்று இணைப்பதாலேயே இதற்கு இணையம் என்னும் பெயர் பொருந்துகின்றது.

அந்நெறிமுறையின் உட்கருத்து ஒன்றை நீங்கள் மனத்திலிருத்த வேண்டும். நடுவே நிற்கும் பொறிகள் பொதியைக் கொண்டுசெல்ல முயலும். அவ்வளவே அவற்றின் வேலை. பொதி போய்ச்சேரும் என்று அவை உறுதி கூறுவதில்லை. உள்ளே இருப்பது யாதென்று ஆராய்வதும் அவற்றின் கடமையன்று. எல்லாம் வந்தனவா, ஒழுங்காக வந்தனவா, பழுதின்றி வந்தனவா என்று சோதிப்பவை இரு முனைகளிலும் உள்ள கணினிகளே. நடுவை எளிமையாக வைத்து, அறிவை முனைகளில் வைத்தமையால், புதிய முறையொன்றைப் புகுத்த விரும்புவோர் நடுவிலுள்ள எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. இணையம் இத்துணை விரைவாக வளர்ந்தமைக்கு இதுவே தலையாய காரணம்.

இணையமும், உலகளாவிய வலை எனப்படுவதும் ஒன்றென்று பலர் நினைக்கின்றனர். அவ்வாறன்று. இணையம் வீதியைப் போன்றது. வீதியிலே பேருந்து ஓடும், பாரவண்டி ஓடும், துவிச்சக்கரவண்டியும் ஓடும். இணையமென்னும் வீதியில் ஓடும் பழைய வண்டிகளுள் ஒன்று மின்னஞ்சல். றே ரொம்லின்சன் என்னும் அமெரிக்கர் 1971 ஆம் ஆண்டிலேயே ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினியிலுள்ளவருக்குக் கடிதம் அனுப்பும் முறையை அமைத்தார். ஆளின் பெயரையும் இடத்தின் பெயரையும் பிரித்துக்காட்ட அவர் நடுவிலிட்ட சுழிக்குறி இன்றும் வழங்குகின்றது.

உலகளாவிய வலை அதற்குப் பின்னர் வந்தது. சுவிற்சலாந்தின் யெனீவா நகரருகே ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்த ரிம் பேர்னேஸ்-லீ என்னும் ஆங்கிலேயர், 1989 ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தை முன்வைத்தார். பல கணினிகளிற் சிதறிக்கிடக்கும் ஏடுகளை ஒன்றோடொன்று தொடுத்து, ஓர் ஏட்டிலுள்ள சொல்லைத் தொட்டதும் அதனோடு தொடர்புடைய மற்றோர் ஏடு திறக்கும்படி செய்தலே அத்திட்டம். ஏட்டைத் தன்னிடம் வைத்திருந்து கேட்போர்க்கு அனுப்பும் கணினி சேவையகம். அதனைக் கேட்டுப்பெற்று நமக்குக் காட்டும் செயலி உலாவி. 1993 ஏப்பிரல் 30 ஆம் நாள் அந்நிலையம் இக்கண்டுபிடிப்பை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாமென அறிவித்தது. அதற்கு விலை வைத்திருந்தால், உலகெங்கும் அது பரவியிருக்குமா என்பது ஐயமே.

முகவரியைப் பற்றியும் ஒரு சொல். இணையத்தோடு சேரும் பொறிக்கு எண்ணாலான முகவரி உண்டு. முதலில் வகுத்த முறையில் ஏறக்குறைய 430 கோடி முகவரிகளே இருந்தன. அவை போதாமையால் மிக நீண்ட எண்களையுடைய புதிய முறையும் வழக்குக்கு வந்துள்ளது. எண்களை நினைவில் வைத்திருத்தல் மனிதர்க்கு அரிது. ஆகவே, பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித்தரும் ஒரு முறை 1983 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. இலங்கைக்கு எல்-கே என்னும் ஈரெழுத்துகள் 1990 ஆம் ஆண்டில் உரியனவாயின. இன்று, இலங்கை என்று தமிழெழுத்திலேயே முடியும் முகவரியையும் வைத்துக்கொள்ள வசதியுண்டு.

இணையச் செய்திகளெல்லாம் ஆகாயத்திலே மிதந்து வருகின்றன என்றோர் எண்ணம் நம்மிடையே உண்டு. கைத்தொலைபேசிக்கும் அண்மையிலுள்ள கோபுரத்துக்குமிடையே மட்டும் அவை அலைகளாகச் செல்கின்றன. அதற்கப்பாற் பெரும்பாலும் அவை செல்வது நிலத்தின் கீழும் கடலின் அடியிலும் கிடக்கும் கம்பி வடங்களிலேதான். வடத்தின் உள்ளே தலைமயிரளவான கண்ணாடி இழைகள் இருக்கின்றன. அவற்றினூடே ஒளி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு இலட்சம் கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகின்றது. 2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்தருகே ஒரு கப்பலின் நங்கூரம் அத்தகைய வடமொன்றை அறுத்துவிட்டது. நாட்டின் இணையத் தொடர்பும் வெளிநாட்டுத் தொலைபேசித் தொடர்பும் பெரிதும் தடைப்பட்டன. பாதைகள் பல இருந்தாலன்றிச் சுற்றிச்செல்லும் திறமை பயன்படாது என்பதை அந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்திற்று. அதன்பின்னர் நம் தீவுக்கு மேலும் பல வடங்கள் வந்துள்ளன.

நம் நாட்டிற் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அக்காலத்திற் கணினி வாங்க வல்லவர் மிகச் சிலர். ஆங்கிலம் அறியாதார்க்கு அது வாங்கியும் பயனில்லை. இந்நிலையில் 1998 ஆம் ஆண்டு கொத்மலையிலே ஓர் அரிய முயற்சி நடைபெற்றது. அங்கே இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ் 1989 முதல் ஒரு சமூக வானொலி இயங்கிவந்தது. யுனெஸ்கோ நிறுவனத்தின் ஆதரவுடன் அவ்வானொலிக்கு இணையத் தொடர்பு வழங்கப்பட்டது. கிராமத்து நேயர்கள் பயிரைப் பற்றியோ, நோயைப் பற்றியோ, வேறெதனைப் பற்றியோ தம் ஐயங்களை எழுதி அனுப்பினர். நிலையத்தார் இணையத்தில் விடை தேடி, துறையறிந்தாரையும் அழைத்துக் கேட்டு, நேயர்களின் மொழியிலே அதனை விளக்கி ஒலிபரப்பினர். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் மக்கள் பயன்படுத்துதற்குக் கணினிகள் வைக்கப்பட்டன. கணினியைத் தொட்டறியாத கமக்காரரும் அன்று இணையத்தாற் பயன்பெற்றனர். கிடைத்ததை அப்படியே வாசியாது, அறிந்தாரிடம் கேட்டுத் தெளிந்தபின் வாசித்தமையே அம்முயற்சியின் சிறப்பு என்பேன்.

இனித் தமிழுக்கு வருவோம். எல்லாம் எண்களாகவே செல்கின்றன என்றேன். தமிழெழுத்தும் அவ்வாறே. தொடக்கத்தில் எழுத்துருச் செய்தோர் ஒவ்வொருவரும் தாம்தாம் விரும்பிய எண்ணை எழுத்துகளுக்குக் கொடுத்தனர். அதனால், ஓர் எழுத்துருவில் எழுதிய கடிதம் மற்றோர் எழுத்துருவை வைத்திருப்பவருக்கு வெறுங் கிறுக்கலாய்த் தோன்றிற்று. கம்பி குறையின்றிக் கொண்டுவந்தும், இரு முனைகளுக்குமிடையே உடன்பாடின்மையாற் பொருள் கெட்டது. யுனிகோட் என்னும் உலகப் பொதுமுறையின் முதற்பதிப்பு 1991 ஆம் ஆண்டு வெளிவந்தபோது அதிலே தமிழும் இடம்பெற்றது. அகரத்துக்கு 2949 என்பது அம்முறையில் உரிய எண். இம்முறை படிப்படியாகப் பரவிய பின்னரே, யாழ்ப்பாணத்தில் எழுதியதைச் சிங்கப்பூரிலும் தோறன்ரோவிலும் உள்ளோர் தடையின்றி வாசிக்கலாயினர்.

அதனால் விளைந்த நன்மைகளுள் ஒன்றை மட்டும் கூறுவேன். 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது, தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் சாம்பராயின. வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அவற்றோடு மறைந்தன. 2005 ஆம் ஆண்டில் நூலகம் என்னும் பெயரோடு தொடங்கிய இணைய நூலகம், இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, எவரும் எங்கிருந்தும் வாசிக்கும்படி வைத்துவருகின்றது. ஒரு நூலின் படிகள் பல இடங்களில் இருக்குமாயின், ஓரிடத்துத் தீயால் அந்நூல் அழிந்துபோகாது.

நேயர்களே, நன்மையைக் கூறினேன். தீமையையும் கூறாது விடலாகாது. நடுவே நிற்கும் பொறி உள்ளடக்கத்தை ஆராய்வதில்லை என்று முன்னர்க் கண்டோம். நூலைச் சுமக்கும் அதே கம்பி பொய்யையும் சுமக்கும். வானொலியிலே ஒரு செய்தி உங்களை வந்தடையுமுன் எழுதியவர் ஒருவர், திருத்தியவர் ஒருவர், பொறுப்பேற்றவர் ஒருவர் இருப்பர். இணையத்திலே ஒரு செய்தி அத்தகையோர் எவருடைய கையிலும் படாமலே உங்கள் கைக்கு வந்துவிடலாம்.

2018 பெப்ரவரியில் அம்பாறையிலே, முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையில் உணவோடு மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதென ஒரு வதந்தி எழுந்தது. அது கைத்தொலைபேசி வழியாக விரைந்து பரவிற்று. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசாங்கப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது, கண்டெடுத்தது வெறும் மாக்கட்டி என்றே தெரியவந்தது. ஆயின் உண்மை வந்துசேருமுன் தீ மூண்டுவிட்டது. அடுத்த மாதம் கண்டி மாவட்டத்திலே கலவரம் மூண்டபோது, அரசாங்கம் சமூக ஊடகங்கள் சிலவற்றைச் சில நாட்களுக்குத் தடைசெய்தது. வீதியை மூடினால் வதந்தி மட்டுமன்றி, மகனுடைய நலம் கேட்கும் தாயின் கடிதமும் அன்றோ நின்றுவிடுகின்றது? ஆதலின் தடை நிலையான மருந்தாகாது.

நிலையான மருந்து யாது? இணையத்தை வகுத்தோர் கணினிக்கு விதித்த கடமையையே நாமும் ஏற்றுக்கொள்ளல். முனையிலிருக்கும் கணினி, வந்த பொதியை உடனே நம்பிவிடுவதில்லை. பழுதுண்டா, குறையுண்டா எனச் சோதித்த பின்னரே ஏற்றுக்கொள்ளுகின்றது. அக்கணினியின் முன்னே இருக்கும் நாமோ, சோதனையின்றி ஏற்பதுமல்லாமல், ஐம்பது பேருக்கு அனுப்பியும் வைக்கிறோம். பொறிக்குள்ள பொறுமை நமக்கும் வேண்டாமா?

சோதித்தல் கடினமன்று. இதனைச் சொன்னவர் யார், அவருக்கு முகமும் முகவரியும் உண்டா என்று கேட்டல் முதலாவது. இஃது எக்காலத்துச் செய்தி, பழைய படமொன்றைப் புதியதென்று காட்டுகிறார்களா என்று நோக்கல் இரண்டாவது. இதனோடு தொடர்பில்லாத வேறிடத்திலும் இச்செய்தி உறுதிப்படுகின்றதா என்று தேடல் மூன்றாவது. இம்மூன்றுக்கும் விடை கிடைக்காதபோது, பிறருக்கு அனுப்பாது விடுதல் நான்காவது. நான்காவதைச் செய்வதற்கு எழுத்தறிவுகூட வேண்டியதில்லை. மனவுறுதி ஒன்றே போதும்.

உலாவியில் முகவரியின் அருகே ஒரு பூட்டுக்குறி தோன்றுவதைக் கண்டிருப்பீர்கள். அவ்விடம் நம்பத்தகுந்தது என்பதற்கு அதுவே சான்று என்று சிலர் கருதுகின்றனர். அப்பூட்டுக் காப்பது வழியை மட்டுமே. உங்களுக்கும் அந்த முகவரிக்குமிடையே செல்லும் செய்தியை இடைவழியிலுள்ளோர் படிக்கவியலாது என்பதே அதன் பொருள். முகவரிக்கு உரியவர் நல்லவரா தீயவரா என்பதை அது கூறாது. முத்திரையிட்டு ஒட்டப்பட்ட கடிதத்திலும் பொய் எழுதப்பட்டிருக்கலாமன்றோ? உங்கள் வங்கியின் பெயராலே இரகசியச் சொல்லைக் கேட்டு எவரேனும் எழுதினால், பூட்டைக் கண்டு மயங்காது, வங்கிக்கு நேரே சென்றோ, நீங்கள் முன்பே அறிந்த இலக்கத்தில் தொலைபேசியில் அழைத்தோ கேளுங்கள்.

அரைநூற்றாண்டுக்கு முன் இரண்டே எழுத்துகளைச் சுமக்க வலுவின்றி நின்ற அவ்வலை, இன்று உலகத்தின் பேச்சையெல்லாம் சுமக்கின்றது. சுமப்பதை ஆராய்ந்து கொள்ளும் வேலையை அது முனைகளுக்கு விட்டிருக்கின்றது. கணினி தன் பங்கைத் தவறாது செய்கின்றது. அடுத்த முறை உங்கள் கைத்தொலைபேசிக்கு ஒரு செய்தி வரும்போது, அதனை வேறொருவருக்கு அனுப்புமுன் ஒரு நிமிடம் நின்று, யார் சொன்னது, எப்பொழுது சொன்னது, வேறெவர் சொன்னார் என்று கேட்டுப்பாருங்கள். உங்கள் பங்கு அதுவே.